பூலாம்பட்டிப் பரிசலும் என் மூட்டையும்

"ஏம்மிணி, பரிசல்ல வர்றயா, இல்ல குடி பேந்து போறயா?"

எங்கள் அண்ணன் இப்படிக் கேட்டபோது காலை மணி ஐந்தரை. அம்மா வீட்டுத் திண்ணையில் நான் அடுக்கி வைத்திருந்த சாமான்களைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி. பெரிய ஒயர் கூடை ஒன்று, தோள் பை ஒன்று, ஐந்து லிட்டர் தண்ணீர் ஜக்கு, இரண்டு குடை, சுருட்டிய ஜமக்காளம், என் இடுப்பு வலிக்கு ஒரு தலையணை, மூன்றடுக்கு டிபன் காரியர், அதன் தலைமேல் சேலத்திலிருந்து வாங்கிப் போன தட்டுவடை டப்பா. இவ்வளவும் எதற்கு என்கிறீர்கள்? நாலு மணி நேரம் ஆற்றில் மிதந்து தூண்டில் போட்டுவிட்டு வருவதற்கு!

நான் என்ன செய்ய? பஸ்ஸில் போனாலும் ரயிலில் போனாலும் இப்படிக் கட்டிப் பழகிய கை. குழந்தைக்குப் பசித்தால், தாகம் எடுத்தால், வாந்தி வந்தால், மழை பெய்தால் என்று ஒவ்வொரு 'ஆல்'-க்கும் ஒரு பொட்டலம். தாய்மார்களுக்கு நான் சொல்வது புரியும்.

சேலம் மாவட்டத்தில் இடைப்பாடிப் பக்கம் இருக்கிற பூலாம்பட்டிதான் என் பிறந்த ஊர். காவிரிக்கு இந்தக் கரை பூலாம்பட்டி. அந்தக் கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். மேட்டூர் அணைக்குக் கீழே மின்சாரம் எடுப்பதற்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள். அவை தண்ணீரைத் தேக்கி வைப்பதால், மற்ற இடத்தில் ஆறு மணலாகக் கிடக்கிற மே மாதத்திலும் எங்கள் ஊரில் தண்ணீர் ஏரி மாதிரி நிற்கும். எதிரே பாலமலை. கரையெல்லாம் தென்னையும் வாழையும். வெளியூர்க்காரர்கள் 'குட்டிக் கேரளா' என்கிறார்கள். சினிமா எடுக்க வருகிறார்கள். இக்கரைக்கும் அக்கரைக்கும் விசைப்படகு போய் வரும். வெள்ளக் காலத்தில் அதை நிறுத்திவிடுவார்கள்.

இப்படி ஆற்றங்கரையிலேயே பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. பரிசலில் கால் வைத்ததும் இல்லை. என் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். நான் பிறக்கும் முன்பே ஆற்றோடு போனவர். உடம்பு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அதற்கப்புறம் அம்மா தன் பெண் பிள்ளைகளைப் படித்துறைக்குக் கீழே இறங்க விட்டதே இல்லை. அண்ணன் ஆண் பிள்ளை. அடித்தாலும் திட்டினாலும் ஓடிப் போய்க் கற்றுக்கொண்டார். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்தவர், இப்போது மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். சொந்தப் பரிசலும் வைத்திருக்கிறார்.

2023 மே மாத லீவில் என் சின்னவன்தான் ஆரம்பித்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. "மாமாகூடப் பரிசல்ல மீன் பிடிக்கப் போகணும்" என்று மூன்று நாள் ஒரே ராகம். பெரியவள் அவனுக்குப் பின்பாட்டு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரரோ, "எனக்குத் தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும். நான் கரையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று நைசாக நழுவிவிட்டார். குழந்தைகளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சரி, நானும் வருகிறேன், ஆனால் சாமான் கட்டுவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். பயத்தை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி மூட்டை கட்டுவதுதான்.

அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார். சும்மா வைக்கவில்லை, காரணம் சொல்லிச் சொல்லி வைத்தார். நானும் விடாமல் வாதாடினேன்.

முதலில் போனது குடை. "வெயில் எப்படியடிக்கும் தெரியுமில்ல?" என்றேன். "காத்துல குடைய விரிச்சா பரிசல் பம்பரமாச் சுத்தும் அம்மிணி. தலைக்குத் துண்டைக் கட்டு, போதும்" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். பரிசல் வட்டமானது. முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிக் கூடை மாதிரி முடைந்து, அடியில் பிளாஸ்டிக் சாக்கு வைத்துத் தார் பூசுகிறார்கள். அந்தக் காலத்தில் தோல் போர்த்துவார்களாம். ஒற்றைத் துடுப்பால் ஓட்டுகிற அந்தக் கூடை சின்னக் காற்றுக்கும் சுற்றத் தயாராக இருக்கும்.

அடுத்தது தலையணையும் ஜமக்காளமும். நனைந்தால் எவ்வளவு கனம் ஆகும் என்று கேட்டார். பதில் இல்லை. அப்புறம் டிபன் காரியர். அடுக்கைப் பிரித்துப் பரிமாற ஒருத்தி எழுந்து குனிவாள். பரிசலில் எழுந்து நிற்பதே கூடாது. ஆளுக்கு ஒரு பொட்டலமாக வாழை இலையில் புளிசோறு கட்டி, மேலே பேப்பர் சுற்றி, மடியில் வைத்துச் சாப்பிடுகிற மாதிரி கொண்டு வா என்றார். நல்லவேளை, புளிசோறாகத்தான் கிளறியிருந்தேன். தயிர் சோறு மே மாத வெயிலில் பத்து மணிக்கே புளித்துப் போயிருக்கும்.

ஜக்கு போய் நாலு ஒரு லிட்டர் பாட்டில் வந்தது. ஒரே ஜக்கை ஒரு பக்கம் வைத்தால் பரிசல் அந்தப் பக்கம் சாயும். நாலு பாட்டிலை நாலு பக்கம் வைக்கலாம். இதை அவர் சொன்னபோது, பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ இந்தச் சேலையிலயா வர்றே?"

இது பெரிய சண்டையாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் என்ன வேஷம் என்று அம்மாவும் உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். அண்ணிதான் மெதுவாகச் சொன்னாள்: "தண்ணியில வுழுந்தா அஞ்சரை மீட்டர் துணி கால்ல சுத்திக்கும் நங்கையா. நீந்தத் தெரிஞ்சவளே மேல வர முடியாது." அம்மா அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. பெரியவளுடைய பழைய பருத்தி சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். துப்பட்டா வேண்டாம் என்று அண்ணி அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள். காதில் கையில் கிடந்ததைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தாலிக்கொடியை மட்டும் உள்ளே விட்டு ஊக்குக் குத்திக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. லைஃப் ஜாக்கெட். "இத்தனை வருஷம் நாங்க போட்டா போறோம்?" என்று அண்ணன் சிரித்தார். நீங்கள் போடாமல் போங்கள், என் குழந்தைகள் போடாமல் வர மாட்டார்கள் என்றேன். சேலத்திலேயே தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். வாங்கும்போது அந்த வீட்டுப் பையன் ஒரு விஷயம் காட்டிக் கொடுத்தான். ஜாக்கெட்டைப் போட்டு எல்லாக் கொக்கிகளையும் மாட்டிய பிறகு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் அது பெரிசு. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை அதன் வழியாக நழுவி அடியில் போய்விடும். பெரிசாக வாங்கினால் அடுத்த வருஷமும் ஆகும் என்று பள்ளிக்கூடச் சட்டைக்குக் கணக்குப் பார்ப்போமே, அந்தக் கணக்கு இங்கே ஆகாது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

அண்ணன் ஒரு துருப்பிடித்த தகர டப்பா கொடுத்திருந்தார். உள்ளே தூண்டில் சாமான்: நரம்பு சுற்றிய கட்டை, பல அளவில் முள், ஈயக்குண்டு, தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பிலிருந்து அறுத்த துண்டுகள், ஒரு சின்னக் கத்தி, ஒரு கட்டிங் பிளேயர். எல்லாம் மீன் வாடையும் இரும்பு வாடையும். அந்த டப்பாவை நான் சோற்றுப் பொட்டலம் இருக்கிற அதே பையில் வைக்க வேண்டியிருந்தது. முள்ளையும் நரம்பையும் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, கத்தியையும் பிளேயரையும் டப்பாவோடு திண்ணை மாடத்திலேயே வைத்துவிட்டேன். மிச்சமான இடத்தில், சின்னவன் கெஞ்சினான் என்று தட்டுவடை டப்பாவைச் சொருகினேன். அண்ணனிடம் கேட்கவில்லை. மீன் பிடிக்கப் போகிறவனுக்குப் பிளேயர் எதற்கு, மின்சார வேலையா பார்க்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

ஆறரைக்குப் பரிசல் ஏறினோம். நாலு பேர், நாலு பக்கம். முதல் பத்து நிமிஷம் நான் எதையும் பார்க்கவில்லை; மூங்கில் விளிம்பைப் பிடித்த என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கரையோரமாகவே துடுப்புப் போட்டு மேலே மேலே போனார். கதவணைப் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது என்றார். ஷட்டரைத் திறந்தால் பரிசல் என்ன, விசைப்படகே நிற்காதாம். அணையில் எப்போது எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், கதவணையில் பராமரிப்பு வேலை உண்டா என்பதையெல்லாம் முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தார்.

ரொம்ப தூரம் போன பிறகு துடுப்பை உள்ளே எடுத்து வைத்தார். "இனி ஆறு பாத்துக்கும்" என்றார்.

அதுவரை நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. வீட்டில் மிக்ஸி சத்தம், தெருவில் வண்டிச் சத்தம், டி.வி. சத்தம் எதுவும் இல்லை. பரிசலின் அடியில் தண்ணீர் 'களக், களக்' என்று தட்டுவது மட்டும்தான். பரிசல் தன்போக்கில் மெல்லத் திரும்பியது. அதனால் பாலமலை ஒருமுறை என் முன்னால் வந்தது, ஒருமுறை முதுகுக்குப் போனது. நீர்க்காகம் ஒன்று முங்கிப் போய், நாங்கள் நினைக்காத இடத்தில் தலையை நீட்டியது. என் சின்ன மாமாவை விழுங்கிய ஆறு இதுதானா என்று இருந்தது. அம்மாவை ஒருநாள் இங்கே கூட்டி வர வேண்டும் என்றும் தோன்றியது. உடனே, அவர்கள் வர மாட்டார்கள் என்றும் தெரிந்தது.

இரைக்கு மண்புழுவைத் தொட நான் மறுத்துவிட்டேன். அது தெரிந்தே அண்ணி ராகிக் களியைக் கெட்டியாகக் கிண்டி, கொஞ்சம் கடலைப் புண்ணாக்குத் தூள் சேர்த்துப் பிசைந்து கொடுத்திருந்தாள். கோலிக்குண்டில் பாதி அளவு உருட்டி முள்ளில் அழுத்த வேண்டும். பிசுபிசுவென்று இருந்தால் தண்ணீரில் கரைந்துவிடும். இறுகலாக இருந்தால் மீன் துப்பிவிடும். சப்பாத்தி மாவு பதம் தெரிந்த கைக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அண்ணன் உருட்டியதைவிட என் உருண்டைதான் அதிக நேரம் நின்றது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

செருப்புத் துண்டுத் தக்கை தண்ணீர்மேல் ஆடிக்கொண்டிருக்கும். லேசாகத் துடித்தால் சும்மா இருக்க வேண்டும். 'சட்'டென்று உள்ளே போனால்தான் இழுக்க வேண்டும். சின்னவன் முதலில் எல்லாத் துடிப்புக்கும் இழுத்து இரையை இழந்தான். அப்புறம் பழகிவிட்டான். ஏழெட்டு ஜிலேபி, ஒரு கெளுத்தி. ஜிலேபி நம் ஊர் மீனே இல்லையாம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதை 1952-ல்தான் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்று அது இல்லாத குளம் குட்டை ஏது? கெளுத்தியை மட்டும் அண்ணன் பிள்ளைகளைத் தொட விடவில்லை. அதன் துடுப்பு முள் குத்தினால் கடுகடுவென்று கடுக்கும்.

ஒன்பது மணி இருக்கும். ஒரு பெரிய ஜிலேபியைச் சின்னவன் தானே முள்ளிலிருந்து கழற்றுகிறேன் என்று பிடித்தான். ஈரக் கை. மீன் ஒரு துள்ளுத் துள்ளிப் பரிசலுக்குள் விழுந்தது. முள் மட்டும் அவன் வலது கட்டை விரலின் சதையில் ஏறிவிட்டது.

அவன் கத்தவில்லை. "அம்மா" என்றான், அவ்வளவுதான். முகம் வெளுத்துவிட்டது. பார்த்தால் முள்ளின் கொக்கி முழுசாக உள்ளே. நரம்பு தொங்குகிறது. பரிசல் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் நரம்பு கட்டையோடு இழுபட, அவன் பல்லைக் கடிக்கிறான்.

நான் எழுந்துவிட்டேன். "உக்காரு!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் மறுபடி உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவர் என்னை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. நான் எழுந்ததில் பரிசல் சாய்ந்து இரண்டு செம்பு தண்ணீர் உள்ளே வந்திருந்தது.

"அந்தப் பிளேயரை எடு" என்றார்.

நான் பையைப் பார்த்தேன். தட்டுவடை டப்பாவைப் பார்த்தேன்.

"இல்லீங்கண்ணா" என்றேன். "வீட்லயே வெச்சுட்டேன்."

"கத்தி?"

"அதையுந்தான்."

ஒரு வார்த்தை திட்டவில்லை. குனிந்து நரம்பைப் பல்லால் கடித்தார். நைலான் நரம்பு லேசில் அறுபடுமா? நாலைந்து தடவை கடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவர் எவ்வளவோ மெதுவாகச் செய்தும், ஒவ்வொரு கடிக்கும் பையன் உடம்பு தூக்கிப் போட்டது. கத்தி இருந்திருந்தால் ஒரு விநாடி வேலை. அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"ஒரே இழுப்பு இழுத்துட்டா வந்துரும்" என்று அண்ணன் விரலைப் பிடித்தார். நான் விடவில்லை. முள் நுனியில் பின்பக்கமாகத் திரும்பிய ஒரு சின்னச் செதில் இருக்கிறதே, மீன் வாயிலிருந்து கழன்றுவிடாமல் பிடிப்பதற்காக. அதுதானே பையன் சதையையும் பிடித்துக்கொண்டிருக்கும்? வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அரை மணி நேரமாக அந்த முள்ளில் களி உருட்டி வைத்துக்கொண்டிருந்தவள் நான். அதன் அமைப்பு என் விரலுக்குத் தெரியும்.

என் பெரிய மூட்டையிலிருந்து அண்ணன் கழிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. துவைத்து இஸ்திரி போட்ட பழைய வேட்டித் துணி, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள். மகள் காகிதக் கப் ஒன்றைக் கவிழ்த்து விரல்மேல் கூடு மாதிரி வைத்தாள். முள்ளில் எதுவும் இடிக்காதபடி அதன்மேல் துணியைச் சுற்றினேன். கை தொங்கினால் வலி அதிகம் என்றான். நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கரைக்கு வர அரை மணிக்கு மேல் ஆயிற்று. அந்த அரை மணியில் ஆழம், சுழல், மாமா எதுவும் என் நினைவில் இல்லை. அண்ணன் துடுப்புப் போட்ட வேகத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "அம்மா, மாமா பரிசலைச் சுத்தவே விடாம ஓட்டறார் பாரு" என்று சின்னவன்தான் எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி பேசிக்கொண்டு வந்தான்.

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மோட்டார் சைக்கிளில் பையனை நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. கட்டைப் பிரித்துப் பார்த்ததும், "இழுக்காம கொண்டு வந்தீங்களே, அதுவே பெரிய காரியம்" என்றார். மரத்துப் போக ஊசி போட்டார். பிறகு முள்ளைப் பின்னால் இழுக்கவில்லை. முன்னால் தள்ளி, நுனியைத் தோலுக்கு வெளியே கொண்டு வந்து, அந்தச் செதிலை ஒரு கட்டிங் பிளேயரால் நறுக்கினார். அப்புறம் மிச்ச முள் வந்த வழியே சுலபமாகக் கழன்று வந்துவிட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி மேஜைமேல் கிடந்த அந்தப் பிளேயரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நீங்களே இதைச் செய்து பார்க்காதீர்கள் என்றும் அவர் சொன்னார். கண்ணுக்குப் பக்கத்திலோ மூட்டிலோ குத்தினால் தொடவே கூடாது. நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, முள் அசையாமல் கட்டி, அழைத்து வந்துவிட வேண்டும்.

பிறகு கேட்டார்: "கடைசியா டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டது?"

நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் அந்த ஊசி போடுகிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் போட்டார்களா, அன்றைக்கு இவன் லீவா? ஞாபகமே வரவில்லை. ஆற்றுத் தண்ணீர், துருப்பிடித்த முள். அதனால் டாக்டரம்மா ஒரு ஊசி போட்டே அனுப்பினார். தட்டுவடைக்கு இடம் கண்டுபிடித்தவளுக்கு, பெற்ற பிள்ளை ஊசி போட்ட தேதி தெரியவில்லை.

2024 கோடையில் மேட்டூர் அணையில் தண்ணீர் ரொம்பக் குறைந்து கிடந்தது, நாங்கள் போகவில்லை. 2025 மே மாதம் சின்னவன் மறுபடி ஆரம்பித்தான். விரலில் ஒரு வெள்ளைத் தழும்பு, அவ்வளவுதான் மிச்சம். போகலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அண்ணனே நம்பவில்லை.

இந்தத் தடவை ஒரே பை. தோளில் மாட்டுகிற சாதாரணப் பள்ளிக்கூடப் பை. உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் கவர். அதன் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். பையைப் பரிசலின் மூங்கிலோடு கயிற்றால் கட்டியாயிற்று. ஆனால் ஆளைப் பரிசலோடு எந்தக் கயிறும் சேர்க்கக் கூடாது. இதை அண்ணன் இரண்டு தடவை சொன்னார். பரிசல் கவிழ்ந்தால் கயிறு காலை வாரிவிடும்.

பிளேயரும் கத்தியும் பைக்குள் இல்லை. தேடுகிற இடத்தில் இருந்தால் அது இல்லாத மாதிரிதான். ஒரு பழைய சோப்பு டப்பாவில் போட்டு, அண்ணன் உட்காருகிற இடத்தில் மூங்கிலோடு கட்டிவிட்டேன். முள்களைப் பிளாஸ்டிக் கவரில் போடுகிற வேலையும் இல்லை. ஒவ்வொரு முள்ளையும் தெர்மாகோல் துண்டில் குத்தி வைத்தாயிற்று. மீனைக் கழற்றுவதற்கு ஈரமில்லாத பழைய துண்டு ஒன்று. மீனைத் துண்டோடு பிடித்தால் துள்ளாது. போன தடவை இந்தத் துண்டு இருந்திருந்தால் பிளேயரே தேவைப்பட்டிருக்காது.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்று கணக்கு. ஆற்றிலேயே இருக்கிறோமே என்று நினைக்காதீர்கள். அது குடிக்கிற தண்ணீர் இல்லை, தண்ணீர்மேல் பட்டுத் திரும்புகிற வெயிலும் சேர்ந்து உடம்பை உலர்த்துகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு வைத்திருந்தேன். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் என்பதால் கரைப்பதற்கு ஒரு லிட்டர் பாட்டில் தோதாக இருக்கும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வீட்டில் வயிற்றுப்போக்குக்குக் கொடுப்போமே, அதேதான். தாகத்துக்கு எங்கள் ஊர் நீர்மோரை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது என்றாலும், அதைக் கரையில் எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்தேன். திரும்பி வந்து குடிக்கத்தான்.

செல்போன் இரண்டையும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன். பரிசலில் ஏறும் தண்ணீரை இறைக்க ஒரு பழைய மக்கு. பாட்டிகள் கொட்டாங்கச்சி வைத்திருந்தார்களாம். காலுக்குப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. கரையில் முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடக்கின்றன. வேட்டித் துணி, காகிதக் கப், பஞ்சு, கிருமிநாசினிக் களிம்பு. ஒரு சீட்டில் இரண்டு பிள்ளைகளின் ஊசித் தேதியும் எழுதி வைத்தேன். சின்னவனுக்குப் பதினாலு வயதாகி வளர்ந்துவிட்டான். பழைய ஜாக்கெட் மார்பில் பூட்டவில்லை. வேறொன்று வாங்கினோம், இரவல் இல்லை. அண்ணனுக்கும் ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் கட்டி முடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "ஏஞ்சாமி, அந்த இடுக்கிய எடுத்துட்டயா?" என்று கேட்டார்கள். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களோடு நடந்தார்கள். படித்துறை வரைக்கும். அங்கே மேல் படியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, நாங்கள் திரும்பி வரும் வரை எழுந்திருக்கவில்லையாம். எங்கள் வீட்டுக்காரர் அவர்கள் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அன்றைக்குப் பதினொரு ஜிலேபி, இரண்டு கெண்டை. அம்மா கையால் மண்சட்டியில் குழம்பு. தட்டுவடை டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தோம். சாயங்காலம் திறந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து தின்றோம்.